சைடிங் மேல் சைக்கிள்

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஏரியைக் குறுக்காகத் தாண்டிக்கொண்டு ஒரு மண்கரை போகும். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்துக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டி போய்வந்த கரை. நாங்கள் குடிவந்தபோதே வண்டி நின்றுபோய், தண்டவாளம் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. பெரிய லைனிலிருந்து பிரிந்து வந்த கிளை என்பதால் எல்லாரும் அதை 'சைடிங்' என்றார்கள். பிறகு லாரிகள் வந்து தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயின. அடியில் கிடந்த கட்டைகள் விறகாகப் போயின. கொஞ்ச நாள் ஜல்லிக்கல்லில் ஆடுகள் மேய்ந்தன. அப்புறம் யாருக்கு அந்த யோசனை வந்ததோ, கரை நெடுகச் சிமெண்ட் போட்டு, இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கல் நட்டு, அங்கங்கே பெஞ்சும் வைத்து, ஜனங்கள் காலாற நடக்கிற பாதையாக்கிவிட்டார்கள். விளக்குக் கம்பங்கள்கூட நட்டார்கள். அவற்றில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. மீன்கொத்திகள் உட்கார வசதியாக இருந்தது.

தண்டவாளம் இருந்தவரை ஒருவரும் அதை 'டிராக்' என்று சொன்னதில்லை. தண்டவாளம் போன பிறகுதான் அது டிராக் ஆனது. "டிராக்குக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆண்கள் வெள்ளை கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இது தொண்ணூறுகளின் நடுவில். சுரங்கத்தில் இன்னும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. என் கணவர் மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். திருச்சிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காகவே இங்கே வந்தவர், நான் அவருக்காக வந்தவள். ஊரிகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. நேராகப் பார்த்தால் பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தது. பஸ்ஸுக்கு அது தெரியாது. அது ராபர்ட்சன்பேட்டையெல்லாம் சுற்றி, தோன்றுகிற இடத்தில் நின்று, வரவேண்டும் என்று நினைத்த நாளில் மட்டும் வந்தது. பாதை போட்ட பிறகு நான் சைடிங் மேலேயே நடந்து போக ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு ஊர், இந்தப் பக்கம் ஒரு ஊர் என்று இருந்தவர்களையெல்லாம் அந்தப் பாதைதான் முகம் பார்க்க வைத்தது. காலையில் ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஒரு கூட்டம் வரும். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கூட்டம் போகும். நடுவில் ஒரு மதகு. அங்கே இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிவிடும். முதல் சில மாதங்கள் மதகைத் தாண்டி யாரும் போகவில்லை, ஏதோ எல்லைக்கோடு மாதிரி. கரைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சம்புக்கோரை. அதற்குள் நீலக்கோழிகள் சிவப்பு மூக்கை ஆட்டிக்கொண்டு, வீட்டுக்காரி மாதிரி நடமாடும். நாங்கள் நடப்பதை அவை அவ்வளவாக ரசிக்கவில்லை.

பாதையில் ஒழுங்கைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார். மாரிகுப்பம் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். யாரும் அவரை நியமிக்கவில்லை. பழைய விசிலை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊரிகம் போகிறவர்கள் இடப்பக்கம், வருகிறவர்கள் வலப்பக்கம் என்று பிரித்துவிட்டார். இரண்டு பேர் நின்று பேசினால் விசில். "பேசணும்னா லூப் லைனுக்குப் போங்கம்மா, பின்னால வண்டி வருது" என்பார். லூப் லைன் என்றால் பெஞ்சு. பின்னால் வருகிற வண்டி என்றால் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிற யாராவது ஒரு குண்டு மனிதர். ஜனங்கள் சிரித்தாலும் கீழ்ப்படிந்தார்கள். எங்கள் ஊரில் விசிலுக்கும் சங்குக்கும் அப்படி ஒரு மரியாதை.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஊரிகத்தில் லைன் வீட்டில் இருந்தவர். அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்ற கூண்டை இயக்குகிறவர். தையல் டீச்சர் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் என்பதால் அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். வந்த புதிதில் அவர் "இன்னா?" என்று கேட்கும்போதெல்லாம் என்னை அதட்டுகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். அது அன்பு என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

என் மகள் பாலிடெக்னிக் படிக்கப் பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போனபோது அவளுடைய சைக்கிளை விட்டுவிட்டுப் போனாள். சிவப்பு லேடீஸ் சைக்கிள். வராந்தாவில் அதன்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா, ஈரப் புடவையைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"இன்னா டீச்சர், கொடிக்கம்பிக்கு ரெண்டு சக்கரம் வச்சிருக்கீங்க?"

"பொண்ணோட சைக்கிள்க்கா."

"நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"தெரியாதுக்கா. உங்களுக்கு?"

"எனுக்கும் தெரியாது. அதான் நல்லது. ஒருத்தருக்குத் தெரிஞ்சா இன்னொருத்தரத் திட்டிக்கினே இருக்கணும். ரெண்டு பேரும் சேந்து வுழலாம், வாங்க."

ஊரில் சைக்கிள் கற்றுக்கொள்ள வேறு இடமே கிடையாது. எங்கள் ஊர் முழுக்க மேடும் பள்ளமும். ஏறினால் நெஞ்சு வலி, இறங்கினால் பயம். சைடிங் மட்டும்தான் சமமாக இருந்தது. நிலக்கரி ஏற்றின கூட்ஸ் வண்டிக்காகக் கட்டின கரை ஆயிற்றே, மேடு தெரியாமல் ஏறும், பள்ளம் தெரியாமல் இறங்கும். நாற்பதை ஒட்டின இரண்டு பெண்களுக்கென்றே கட்டினது போல இருந்தது.

அன்று சாயங்காலமே விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். உடனே டீ தம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு ஸ்பூனை நிமிர்த்தி நிறுத்தப் பார்த்தார்.

"இதப் பாரு. நிக்குதா? நிக்காது. ஆனா ஓடுற சக்கரம் விழாது. ஏன்னா சுத்துற பொருளுக்கு ஒரு குணம் இருக்கு. நீ எந்தப் பக்கம் சாயிறியோ அந்தப் பக்கமே ஹேண்டிலத் திருப்பணும். எதிர்ப்பக்கம் திருப்புனா போச்சு."

"சாயிற பக்கமே திருப்புனா இன்னும் சாயாதா?"

"அங்கதான் இருக்கு விஷயம்" என்று சொல்லி, இயற்பியலில் பாதியை எனக்கு விளக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரும்பை ஒரு மயிரிழை பிசகாமல் கடைகிற மனிதர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாளிலிருந்து, அவர் முதல் ஷிப்டுக்குப் போனதும், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மதகு வரைக்கும் போவேன். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவார். ஒருவர் ஏற, இன்னொருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சிக்கல். அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் கையில் பலம் போய்விடும். நான் ஏறினாலே அவருக்குச் சிரிப்பு வந்தது.

கார்டு ஐயா முதலில் எங்களை அனுமதிக்கவே இல்லை. "இது பேசஞ்சர் லைன்மா. இதுல இஞ்சின் உட முடியாது" என்றார். அக்கா அவரிடம் ஊரிகத்துப் பாஷையில் ஏதேதோ பேசினார். உங்க சம்சாரத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது யாரென்று நினைவிருக்கட்டும் என்கிற அர்த்தம் அதில் இருந்தது. மறுநாளிலிருந்து எங்களுக்கு லைன் கிளியர் கிடைத்தது. நாங்கள் ஏறுகிறபோது அவரே முன்னால் போய் விசில் ஊதி ஆட்களை ஓரம் கட்டினார். ஓரம் கட்டப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தமிழில் கீழே பார்க்காதீர்கள் என்றார். ஒருவர் கன்னடத்தில் முன்சக்கரத்தையே பாருங்கள் என்றார். தெலுங்கில் ஒருவர், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொன்னதாக அக்கா மொழிபெயர்த்தார். அவர் சரியாகத்தான் மொழிபெயர்த்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அக்கா என்னைவிட முன்னால் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு நாள் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, கொண்டை ஊசி விழுந்ததென்று குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சைக்கிள் தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா திரும்பிப் பார்க்காமலே, "டீச்சர், நல்லா புடிச்சிக்கினு கீறீங்கல்ல?" என்று கத்தினார். "பிடிச்சிருக்கேன்க்கா" என்று நானும் கத்தினேன். குரல் அவ்வளவு தூரத்திலிருந்து வருவது அவருக்கு உறைத்ததும் கோரைக்குள் போய் இறங்கினார். ஆனால் அதற்குள் ஓட்டத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதைத் திரும்பவும் தெரியாமல் செய்ய முடியாது.

எனக்கும் ஒரு வழியாக வந்தது. கரையில் காற்று முகத்தில் அடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளக்க, யாரும் பிடிக்காமல் முதல்முறை நான் போனபோது எனக்குத் தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இப்படியே பங்காருபேட்டை வரைக்கும் போய்விட்டால் என்ன என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என் ஓட்டத்தைப் பார்க்க வந்தார். பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பரிசோதகர் மாதிரி மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அக்காவும் கார்டு ஐயாவும் அங்கேயே இருந்தார்கள். நான் குவார்ட்டர்ஸ் முனையிலிருந்து கிளம்பினேன். அவர் பார்க்கிறார் என்பதால் கொஞ்சம் வேகமாகவே வந்தேன்.

மதகுக்குச் சற்று முன்னால் ஏரியிலிருந்து ஒரு எருமை கரையேறியது. உடம்பெல்லாம் சேறு சொட்ட, பாதையின் குறுக்கே நின்று, போவதா படுப்பதா என்று யோசித்தது. பிறகு படுத்துவிட்டது. கார்டு ஐயா விசிலை வாயில் வைத்து விடாமல் ஊதினார். எருமைக்கு விசில் பழக்கம் இல்லை. எனக்குப் பிரேக் நினைவுக்கு வரவில்லை. மேஜைமேல் நிற்காத ஸ்பூன்தான் நினைவுக்கு வந்தது. நான் சாய்ந்த பக்கமே ஹேண்டிலைத் திருப்பினேன். அவர் சொன்னது சரிதான், சைக்கிள் விழவில்லை. நிமிர்ந்தபடியே கரையிலிருந்து இறங்கி, கோரையைப் பிளந்துகொண்டு, என்னோடு சேற்றுக்குள் போய் நின்றது. அதன்பிறகு நான் மட்டும் மெதுவாக விழுந்தேன். நீலக்கோழிகள் நாலா பக்கமும் தெறித்து ஓடின.

அக்கா உதவிக்குத்தான் ஓடிவந்தார். பாதி வழியில் சிரிப்பு வந்து பாதைமேலேயே உட்கார்ந்துவிட்டார். கார்டு ஐயாவும் என் கணவரும்தான் என்னை மேலே இழுத்தார்கள். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கால் கணுவில்தான் பிசகியிருந்தது, ஊன்ற முடியவில்லை.

"சார், டீச்சரம்மாவ கேரியர்ல உக்கார வச்சி நீங்க மிதிச்சிக்கினு போயிடுங்க. அஞ்சு நிமிஷத்துல வூட்டாண்ட எறக்கிடலாம்" என்றார் கார்டு ஐயா.

என் கணவர் சைக்கிளைப் பார்த்தார். குனிந்து செயினைத் தொட்டார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"பேரிங்ல சத்தம் வருது" என்றார். "ரெண்டு பேர் வெயிட்டு தாங்காது."

"சத்தம் ஒண்ணும் காணோமே சார்."

"எங்களுக்குக் கேட்கும்" என்றார் அவர், தொழிற்சாலைக்காரர்கள் எல்லார் சார்பிலும்.

ஆக, நான் கேரியரில் உட்கார்ந்துகொள்ள, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா பின்னால் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார். கரை முழுக்க அப்படியே போனோம், சாமி ஊர்வலம் மாதிரி. எதிரில் வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று விசாரித்தார்கள். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பழக்கமில்லாத நாயின் கயிற்றைப் பிடிப்பது போல ஹேண்டிலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். பெடல் அவர் முழங்காலுக்குக் கீழே இடித்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இடித்தது. சைக்கிளைத் தள்ளிப் பழகினவர்கள் காலுக்கு அது எங்கே வரும் என்று தெரிந்திருக்கும். இவர் காலுக்குத் தெரியவில்லை.

அக்கா போன பிறகு, என் கணுக்காலுக்கு அவர் விளக்கெண்ணெய் சூடாக்கித் தடவிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதா?"

அவர் எண்ணெயையே கவனமாகத் தடவினார். "தெரியும்னு நான் எப்ப சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நான்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் வெட்கப்படவில்லை. களைத்துப்போயிருந்தார், ரொம்ப நாளாக எதையோ தூக்கிக்கொண்டு நடந்தவர் மாதிரி.

அவர் அப்பா ஊரில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தவர். வீட்டில் சைக்கிள் இல்லை. வாடகைச் சைக்கிள் எடுத்துக் கற்கிற வயதில் இவருக்குக் கால் முறிந்து கட்டு. பிறகு ஐ.டி.ஐ. ஹாஸ்டல், அப்புறம் வேலை, வேலைக்குக் கம்பெனி பஸ். ஓட்டத் தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய வயது ஒரு நாள் சொல்லாமல் கடந்துபோய்விட்டது.

"அதுவும் மெஷின் ஷாப்புல எப்படிச் சொல்றது? புல்டோசர் பண்றவனுக்கு சைக்கிள் தெரியாதுன்னா விடுவானுங்களா? வருஷா வருஷம் குவார்ட்டர்ஸ் ஸ்போர்ட்ஸுல ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பாங்க. எங்க செக்ஷன்லேர்ந்து என் பேரத்தான் குடுப்பானுங்க, பொறுமைசாலின்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வருஷமும் ஸ்போர்ட்ஸ் அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லாமல் போகும். நான் ரசம் வைத்துக் கொடுப்பேன். அந்த ரசத்தை அவர் அவ்வளவு ருசித்துச் சாப்பிடுவார்.

"இந்த வருஷம் நீங்க ஓட்டுறீங்க" என்றேன்.

கால் சரியானதும் ஆரம்பித்தோம். அவருக்கு இரண்டாவது ஷிப்ட் வருகிற வாரங்களில் காலைப்பொழுது காலியாக இருக்கும். ஆனால் பாதையில் நூறு கண்கள். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"எங்கூட்டுக்காரரு கேஜுல ஆயிரம் பேர ஏத்தி எறக்குறாரு. ரெண்டு மாடிப்படி ஏறச் சொல்லு, தல சுத்துதுன்னுவாரு. வுடுங்க டீச்சர், நா பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். கார்டு ஐயாவிடம் போய், பாதையின் குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பாதியில் சைக்கிள் பேரிங் டெஸ்ட் நடக்கிறது, தொழிற்சாலை சாரே நேரில் வந்து செய்கிறார், கொஞ்ச நாளைக்கு ஆட்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார்டு ஐயா நம்பினாரா இல்லையா தெரியாது. ஆனால் மதகருகே நின்றுகொண்டு, "முன்னால வேலை நடக்குது, திரும்பிப் போங்க" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். டெஸ்ட் நடந்த நாட்களில் அவர் எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியே நின்றார். நம்பியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

என் கணவர் மோசமான மாணவர். ஏறும் முன்னால் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் பார்த்தார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "யோசிக்காதீங்க, மிதிங்க" என்பேன். "எந்தக் கால முதல்ல?" என்பார். லேடீஸ் சைக்கிளில் அவர் முழங்கால் ஹேண்டிலைத் தொட்டது. கோரைக்குள் பல முறை போனார். அந்த இடத்தில் நீலக்கோழிகள் கூடு கட்டுவதையே விட்டுவிட்டன. ஆனால் ஒரு காலையில் ஏதோ ஒன்று அவருக்குள் விட்டுக்கொடுத்தது. சைக்கிள் நேராகப் போனது. அவர் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். பக்கத்தில் ஓடிப்போய்க் கேட்டேன். "ஸ்பூன், ஸ்பூன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்போர்ட்ஸ் நாளன்று அவருக்கு வயிறு நன்றாகவே இருந்தது. செக்ஷன் ஆட்கள் ஒரு ஆண்கள் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. அக்கா ஊரிகத்திலிருந்து தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தார். கார்டு ஐயாவும் வந்திருந்தார், விசிலோடு. ஸ்லோ சைக்கிள் ரேஸில் கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவர்தான் ஜெயித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். அதை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓட்டுவதே பெரிய விஷயமாக இருந்ததில் மறந்துபோனோம்.

விசில் ஊதினதும் மற்றவர்கள் அப்படியே நின்ற இடத்தில் ஆடிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். என் கணவர் மட்டும் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி புறப்பட்டார். மெதுவாகப் போனால் விழுந்துவிடுவார், வேறு வழியில்லை. செக்ஷன் ஆட்கள் "மெதுவா, மெதுவா" என்று அலறினார்கள். அவர் யாருக்கும் எட்டாத தூரத்தில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். அதாவது, போட்டியில் கடைசி இடம். தாண்டினதும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையை விடக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கூட்டம் சிரித்தது. அவர் வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு அவர் நிற்காமல் மைதானத்து கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

"இன்னா டீச்சர், ஊருக்கே பூட்டாரா?" என்றார் அக்கா.

கயிறு இழுக்கும் போட்டி முடிந்தது. பரிசு கொடுத்து முடித்தார்கள். சைக்கிளின் சொந்தக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தபோது என் கணவர் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை, தலைமுடி எல்லாம் காற்றில் நின்றுகொண்டிருந்தது. ஹேண்டிலில் ஒரு பொட்டலம் தொங்கியது.

"எங்கேங்க போனீங்க?"

"மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும். நிறுத்த மனசே வரல" என்றார். பொட்டலத்தைப் பிரித்து முதலில் சைக்கிள்காரருக்கு நீட்டினார். மசால் வடை. அவரும் கோபத்தை மறந்து ஒன்று எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் சுண்ணாம்புக் கோட்டுமேலேயே நின்று சாப்பிட்டோம். இன்னும் சூடாகத்தான் இருந்தது.